லயத்து வாசல்வரை பங்குப் பத்திரிகை: ஒரு விநியோக நாளை நடத்துவதற்கான முழு வழிகாட்டி

இலங்கை மலையகத்துப் பங்குகள் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகங்கள்) பலவற்றில் மறைமாவட்டப் பத்திரிகையின் கதை ஒன்றுதான். கட்டு வந்து இறங்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு விற்பார்கள். எப்போதும் வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். மிச்சம் பாதர் வீட்டு அலமாரிக்கு மேலே போய்ச் சேரும். கோயிலுக்கு அடிக்கடி வர முடியாத, தோட்டத்தின் மேல் டிவிசன் (பிரிவு) ஆட்களுக்கு இப்படி ஒரு பத்திரிகை இருப்பதே தெரியாது.

அந்தக் கட்டை லயங்களுக்கே, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கே, கொண்டுபோய்க் கொடுக்க நினைக்கும் இளைஞர் ஒன்றியங்களுக்கும் ஏழைகளுக்கு உதவும் வின்சன் டி போல் சபையாருக்கும் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்கை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் மெதடிஸ்த சபைக்காரரும் இந்து மன்றத்தாரும் தங்கள் பத்திரிகையோடு போகும்போது இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இது புதிய வேலையும் அல்ல. 'இரட்சணிய சேனை'யின் 'வார் கிரை' 1879 டிசம்பரில் லண்டனில் தொடங்கியது. சீருடை போட்டவர்கள் மதுக்கடைகளுக்குள்ளேயே போய் அதை விற்றார்கள். அந்தச் சேனை 1883இல் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1841இல் 'உதயதாரகை', 1876இல் 'சத்திய வேத பாதுகாவலன்', 1889இல் 'இந்து சாதனம்' என்று ஒவ்வொரு சமயத்தாரும் பத்திரிகை நடத்தினார்கள். மலைநாட்டிலோ அச்சுத் தாளுக்கு முன்னால் ஆள்தான் போனார். தோட்டத் தொழிலாளருக்கென்று 1854இல் தொடங்கிய கிறிஸ்தவ ஊழியமான 'தமிழ் கூலி மிஷன்' காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசிகள் கோப்பித் தோட்டம் கோப்பித் தோட்டமாக நடந்தார்கள். நாமும் நடக்கத்தான் போகிறோம்.

ஒரு மாதத்துக்கு முன்: முதலில் செய்தியை வாங்கி வாருங்கள்

பலரும் விடுகிற படி இது. விநியோகம் என்றாலே கொடுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகப்போகிற தோட்டத்திலிருந்து முதலில் செய்தியை வாங்கி, அதை அச்சில் போட்டு, அதற்குப் பிறகு கொடுக்கப் போங்கள். ஆயரின் சுற்றுமடலும் ரோமாபுரிச் செய்தியும் நல்லதுதான், ஆனால் தன் தோட்டத்துப் பெயர் ஒரு மூலையிலாவது இல்லாத தாள் அந்த வீட்டில் இரண்டு நாள் தங்காது. மறுநாளே வடை சுற்றப் போய்விடும். (வடை சுற்றுவதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சுற்றுவதற்கு முன் யாராவது படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

மறைமாவட்டப் பத்திரிகையில் நம் தோட்டத்துக்கு இடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு ஏ4 தாளில், இரண்டு பக்கமும், ஓர் இணைப்பைத் தயாரியுங்கள். டவுனில் போட்டோ கொப்பி எடுக்கிற கடையே போதும். தலைப்பில் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். உள்ளே என்ன போடலாம்?

சாதாரண தர, உயர் தரப் பரீட்சைகளில் சித்தியடைந்த பிள்ளைகளின் பெயர்கள். அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்கள். திருமணம், பூப்புனித நீராட்டு விழா. பூசை நேரம். வைத்தியர் தோட்ட மருந்தகத்துக்கு வருகிற கிழமை. டவுனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது. இதை மறக்கவே வேண்டாம், சுவரில் ஒட்டப்படுவது பெரும்பாலும் இந்த வரிக்காகத்தான். தேசிய அடையாள அட்டைக்கோ பிறப்புச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு நாலு வரி.

செய்தி சேகரிக்க அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவரையே பிடியுங்கள். வெளி ஆள் போய்க் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதோடு பேச்சு முடியும். பெயர்களை அச்சிடுவதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சித்தியடைந்தவர்களைப் போடலாம், யார் சித்தியடையவில்லை என்று ஊகிக்கும்படி பட்டியல் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் படமும் வேண்டாம். இறந்தவர் பெயரில் எழுத்துப் பிழை வந்தால் அந்த வீட்டில் அது ஆறாது, ஆகவே அந்தப் பகுதியை இரண்டு பேர் சரி பார்க்கட்டும்.

நாள் குறிப்பது

திருச்சபை நாட்காட்டியைப் பார்த்தால் இதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. 1967 முதல் கொண்டாடப்படும் உலக சமூகத் தொடர்பு நாள், பெந்தகோஸ்துக்கு முந்திய ஞாயிறு. பொருத்தமான நாள்தான், ஆனால் அது மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரம் அது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தாருக்கு அந்த நாள் பரவாயில்லை, அவர்களுக்குப் பெருமழை வருவது பிந்தி, வடகீழ்ப் பருவத்தில். மேற்குச் சரிவில் இருக்கிறவர்கள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பாருங்கள். தவக்காலமும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். வீடு சந்திக்கப் போக அதுவும் ஒரு காரணம்.

கண்டி மறைமாவட்டத்துக்குள்ளேயே கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று மூன்று மாவட்டங்கள் இருக்கின்றன. மேலிருந்து ஒரே திகதி குறித்துக் கடிதம் வந்தாலும் உங்கள் மலைக்கு எந்த மாதம் சரி என்று பாதரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கிழமை என்றால் ஞாயிறுதான், அதிலும் எல்லா ஞாயிறும் அல்ல. பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைக்கும். அதற்கு அடுத்த ஞாயிறு லயமே டவுனில்தான் நிற்கும், வீட்டில் பாட்டியும் கோழியும் இருப்பார்கள். தேயிலைக் கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் ஞாயிறும் 'கைக்காசு'க்குப் பறிக்கப் போவார்கள். ஒரு நாள் வரும்படியை விட்டுவிட்டு உங்களுக்காக வாசலில் நிற்கச் சொல்ல முடியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ முந்தின வாரமே கேட்டால் கைக்காசு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயா வரை நடக்கும். அந்தக் காலத்து வார இறுதியில் நல்லதண்ணி வீதியில் ஆட்டோ நகராது. போயா நாள்களையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்த்து விடுங்கள்.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வருவது தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் சமயங்களில். அவர்கள் கையிலும் தாள் போய்ச் சேர வேண்டுமென்றால் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அருமையான நாள்.

யாரிடம் சொல்ல வேண்டும்

1978 அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் மதச் சுதந்திரத்தைத் தருகின்றன. அதைச் சொல்லிக்கொண்டு லயத்துக்குள் போய் நிற்கக் கூடாது. தோட்டத்துக்குள் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விசயம். யாரோ வந்து மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் ஒரு தடவை கிளம்பினால் அந்தத் தோட்டத்தில் நம்முடைய சொந்தக் குடும்பங்களுக்கே சங்கடம்.

மூன்று பேரிடம் சொல்லுங்கள். துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, பங்கின் கடிதத் தாளில் ஒரு கடிதம், திகதியும் நேரமும் வருகிறவர்களின் பெயரும் போட்டு. தோட்டத் தலைவர்மாருக்கு நேரில். ஒரு சங்கத்துத் தலைவரிடம் மட்டும் சொல்லி மற்றவரை விட்டுவிடாதீர்கள். மூன்றாவதாக, மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு. இது ஏன் என்று பங்கிலேயே சிலர் கேட்பார்கள். லயத்தில் பெரும்பாலானோர் இந்துக்கள். நாம் வருவது நம்முடைய குடும்பங்களைப் பார்க்க, விரும்புகிற மற்றவர்களுக்கும் தாள் தர, அவ்வளவுதான் என்று முதலிலேயே கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாதரையோ சிஸ்டரையோ கூட அழைத்துப் போய்ச் சொன்னால் இன்னும் மரியாதை. அந்தத் தோட்டத்துத் தேர்த் திருவிழா வாரத்தில் போவதையே நினைக்காதீர்கள்.

ஆட்கள், கட்டு, பை

இரண்டு பேர் ஒரு சோடி. முடிந்தவரை ஒரு பெண்ணும் ஓர் ஆணும். பல வீடுகளில் வாசலுக்கு வருவது பெண்கள்தான். பெண் பிள்ளை முன்னால் நின்று பேசினால் பேச்சு ஓடும். சோடியில் ஒருவராவது தோட்டத்தில் வளர்ந்தவராக இருக்கட்டும். டவுன் பிள்ளைகள் மட்டும் போனால் தொங்கல் காம்பரா (லயத்தின் கடைசி அறை) எது, பின்பக்கத்துக் காம்பராவுக்கு எப்படிப் போவது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

கணக்கு இப்படி. ஒரு வாசலில் சராசரி நாலு நிமிடம் என்றால் மணிக்கு 15 வீடு. இடையில் பிளேன்டீ வரும், ஏறி இறங்க வேண்டும், ஆகவே 10 வீடு என்று வையுங்கள். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு சோடிக்கு 30 வீடு. லயத்தில் 12 காம்பரா என்றால் ஆறு லயமுள்ள டிவிசனுக்கு மூன்று சோடி சரி. அதற்கு மேல் ஒரு நாளில் தொடாதீர்கள். ஒரே நாளில் நானூறு தாள் 'முடித்த' குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வீசிவிட்டுப் போயிருப்பார்கள், நாய்தான் அதில் படுத்திருக்கும்.

தாளைக் கட்டுவதில் ஒரு சின்ன நுட்பம். பத்திரிகையைக் குறுக்காக ஒரு முறை மடியுங்கள். இணைப்புத் தாளை உள்ளே முழுவதாகச் செருகாமல், தோட்டத்துப் பெயர் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே தெரியும்படி வையுங்கள். கொடுக்கும்போது அந்தப் பெயர்தான் முதலில் கண்ணில் படும், கை தானாக நீளும். பிறகு லயம் லயமாகப் பிரித்து ரப்பர் போட்டு, மேலே துண்டுச் சீட்டில் 'மேட்டு லயம்', 'பணிய லயம்', 'புது வீடு' என்று எழுதிவிடுங்கள். இதைச் சனிக்கிழமை மாலையே கோயிலில் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு செய்யலாம் என்று விட்டால் பதினொரு மணிக்குத்தான் கிளம்புவீர்கள்.

மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் போதும், தாள் ஈரமாகித் துவண்டுவிடும். ஒவ்வொரு கட்டையும் பொலித்தீனில் சுற்றி, புத்தகப் பையில் வைத்து, பையை முதுகில் போடாமல் மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குடைக்குள் அடங்கும்.

கூடவே: ஒரு கொப்பி, இரண்டு பேனை, அட்டைக் கடிக்குச் சவர்க்காரமோ உப்போ, தண்ணீர், சோத்துப் பார்சல். உண்டியல் டின் கொண்டுபோகாதீர்கள். யாராவது தாளுக்குக் காசு நீட்டினால் "கோயிலுக்கு வரும்போது போடுங்க அக்கா" என்று சொல்லிவிடலாம். பத்திரிகைக்கு விலை உண்டு என்றால் அந்தத் தொகையை முன்கூட்டியே பங்கில் யாராவது பொறுப்பேற்கட்டும். காசு கேட்டு வந்தார்கள் என்ற பேச்சு வரவே கூடாது.

வாசலில்

இஸ்தோப்புக்குக் கீழேயே நின்று குரல் கொடுங்கள். கூப்பிட்ட பிறகு ஏறுங்கள். "வணக்கம் அக்கா, மாதா கோயில்லேருந்து வர்றோம். உங்க தோட்டத்துச் செய்தி போட்டுத் தாள் வந்திருக்கு, பாருங்க" என்பதே போதும். "நீங்க எந்த வேதம்?" என்று ஆரம்பிப்பவர்களைக் குழுவிலிருந்து தயவுசெய்து கழற்றி விடுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு அடுத்த வாசல். அந்த வீட்டுக்கு ஒரு நோய், ஒரு சாவு, ஒரு சண்டை நடந்திருக்கலாம். காரணம் கேட்க நாம் யார்?

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் இந்தப் பகுதி விளங்கும். பணிய லயத்துத் தொங்கல் வீட்டில் ஒரு பாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்ததும் முதல் பக்கத்தில் இருந்த ஆயர் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டார். "பேரன் பேரு உள்ள இருக்கு பாட்டி" என்று கூட வந்த தங்கச்சி சொன்னதுதான், சுளகு கீழே போனது. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். ஒரு காது உடைந்து, அதற்குப் பதில் நூல் கட்டியிருந்தது. மாட்டிக்கொண்டு தாளைத் தலைகீழாகப் பிடித்தார். தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் தானே வாங்கித் திருப்பி, விரல் வைத்து வாசித்தாள். சாதாரண தரம், ஒன்பது பாடமும் சித்தி, பேரனின் பெயர், தகப்பன் பெயர். "இன்னொரு தரம் வாசி புள்ள" என்றார். அதற்குள் பக்கத்துக் காம்பரா ஆட்கள் வந்துவிட்டார்கள். தங்கள் பிள்ளை பெயரையும் வாசிக்கச் சொன்னார்கள், இறந்தவர்கள் பட்டியலையும் வாசிக்கச் சொன்னார்கள். பட்டியல் வாசிக்கும்போது பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் வாளியை வைத்துவிட்டு வந்து நின்றார், அதில் அவர் மனைவியின் பெயர் இருந்தது.

அந்த லயத்தில் நாங்கள் நாலு நிமிடக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டோம். கிளம்பும்போது கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எங்க அம்மன் தேர் வர்ற திகதியையும் அடுத்த தாள்ல போடுவீங்களா? அன்னைக்கு ரோட்டு மூடியிருக்கும்ல."

போடலாமா என்று பங்கு மன்றத்தில் விவாதம் வந்தது. என் கருத்து தெளிவானது: போட வேண்டும். அந்தத் தாள் தோட்டத்தின் பெயரில் வருகிறது, தேர் வருகிற நாளில் பஸ் வராது என்பது நம்முடைய ஆட்களுக்கும் தெரிய வேண்டிய செய்தி. விளம்பரமாக வேண்டாம், அறிவித்தலாக இரண்டு வரி. அதைப் போட்ட பிறகு அந்தக் கமிட்டிக்காரர்களே நம்முடைய தாளைத் தங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து உதவினார்கள்.

வாசிக்கத் தெரியாத வீடுகள்

மேலே சொன்ன பாட்டியைப் போலப் பலர் இருப்பார்கள். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள், அதுகூட இல்லாதவர்கள். "வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். "கண்ணு தெரியுதா அப்பாயி, நான் வாசிக்கட்டா?" என்றால் யாருக்கும் குறைவில்லை. இரண்டு செய்தி வாசித்தால் போதும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமம் ஒட்டியிருக்கும் இடங்களில், அங்கேயும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தால், சில சிங்களப் பிரதிகளையும் எடுத்துப் போங்கள். 'ஞானார்த்த பிரதீபய' 1866 முதல் வருகிற சிங்களப் பத்திரிகை, அவர்களுக்கு அது பழகிய பெயர்.

பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுப்பது, பாடசாலை வாசலில் நின்று கொடுப்பது, பிள்ளை மடுவத்துக்குள் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குள்) போவது மூன்றும் வேண்டாம். வீட்டுக்குப் பெரியவர் கையில்தான் தாள்.

கொப்பியில் எழுதுவது

சோடியில் பேசாத மற்றவரின் வேலை இது. வாசலை விட்டு இறங்கிய பிறகு எழுதுங்கள், முகத்துக்கு முன்னால் எழுதினால் கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். நோயாளிக்கு நற்கருணை கேட்டவர், ஞானஸ்நானச் சான்றிதழ் தொலைத்தவர், இறந்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னவர், தோட்டத்து மருந்தகத்தைப் பற்றி முறைப்பாடு சொன்னவர். கடைசி வகையை அப்படியே பத்திரிகையில் போட முடியாது, பாதரிடம் கொடுங்கள். கொப்பியைத் தொலைக்காதீர்கள், அதில் வீட்டு விசயம் இருக்கிறது.

பாதையில் கவனம்

பதினொரு மணிக்குக் குறுக்குவழி ஆசை வரும். தேயிலைக்குள் இறங்காதீர்கள். குளவிக் கூடு மரத்தில் இருக்கலாம், செடிக்குள்ளும் இருக்கலாம். குளவி கொட்டிக் கொழுந்து பறிக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது. கலைந்த கூட்டுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டு கை வீசினால் இன்னும் மோசம், தலையை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். பாதையிலேயே நடங்கள், தூரம் கூடினாலும் பரவாயில்லை.

மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாளில் விநியோகம் கிடையாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு யாரும் இங்கே திட்டம் போட முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைச் சனிக்கிழமை இரவும் ஞாயிறு காலையும் பாருங்கள். இருட்டுவதற்கு முன், நாலரைக்கெல்லாம், எல்லாச் சோடியும் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். சில பக்கங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு.

மதியச் சாப்பாடு எங்கே என்று முன்பே பேசி வையுங்கள். பார்சல் கொண்டுபோனாலும் யாராவது ரொட்டியும் சம்பலும் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வீட்டில் பிளேன்டீ குடித்தாயிற்று, நாலாவது வீட்டில் வேண்டாம் என்றால் மனம் நோகும், அரைக் கோப்பை என்று கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள்.

மிச்சமும் மறுவாரமும்

மிஞ்சிய தாளைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். சந்தியில் இருக்கும் சலூனில் ஐந்து, தேநீர்க் கடையில் ஐந்து, ஆட்டோ நிறுத்தத்தில் இரண்டு, சொல்லிவிட்டு வையுங்கள். சலூன்தான் சிறந்த வாசிகசாலை, முறைக்குக் காத்திருக்கிறவர் கையில் வேறு என்ன இருக்கப்போகிறது? இப்போது போன் இருக்கிறது என்பீர்கள், சரி, மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திங்களோ செவ்வாயோ குழு ஒரு மணி நேரம் கூட வேண்டும். எத்தனை தாள் போனது என்பதைக் கடைசியில் பேசுங்கள். முதலில் கொப்பி. நோயாளி வீட்டுக்கு யார் போகிறார், சான்றிதழை யார் பதிவேட்டில் தேடுகிறார் என்று பெயர் போட்டுப் பிரியுங்கள். கேட்டது நடக்கவில்லையென்றால் அடுத்த தடவை அந்த வாசலில் தாளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பேச மாட்டார்கள்.

தோட்டத்துச் செய்தியாளர் பிள்ளைக்கு அந்த வாரமே அடுத்த இணைப்பின் கடைசித் திகதியைச் சொல்லிவிடுங்கள். பெயர்களைக் குரல் பதிவாக அனுப்பாமல் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ர, ற குழப்பம் அங்கேதான் வருகிறது. படம் என்றால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டொக்யூமன்டாக அனுப்பட்டும். இல்லாவிட்டால் கொப்பி எடுத்த தாளில் மாப்பிள்ளை யார், தோழன் யார் என்று தெரியாது.